மஞ்சள் ஒயரும் எச்.டி.எம்.ஐ.யும்

43 அங்குல டிவி. மாதாமாதம் எச்.டி. சேனல்களுக்குத் தனிக் கட்டணம். ஆனால் செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போவது மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை கொண்ட பழைய ஏ.வி. ஒயர். புதுச்சேரியில் ரெட்டியார்பாளையத்திலும் லாஸ்பேட்டையிலும் மூலக்குளத்திலும் இப்படி இணைத்திருக்கும் வீடுகளை இன்றும் பார்க்கிறேன். பெட்டியைப் பொருத்த வந்தவர் கையில் இருந்த ஒயரைச் செருகிவிட்டுப் போயிருப்பார். படம் வந்தது, சத்தம் வந்தது, வேலை முடிந்தது. எச்.டி. சேனலின் படம் பெட்டி வரைக்கும் 1080 கோடுகளோடு வந்து, அந்த மஞ்சள் ஒயரில் ஏறும்போது 576 கோடாகச் சுருங்கிவிடுகிறது என்பதை வீட்டுக்காரரிடம் யாரும் சொல்வதில்லை. வருடக்கணக்கில் கட்டும் பணம் ஒன்றரை மீட்டர் ஒயரில் வீணாகிறது.

இதற்கு நேர்மாறான வீடுகளும் உண்டு. தங்கமுலாம் பூசிய தலை, துணிப் பின்னல் போர்த்திய உடல், பெட்டி முழுக்கப் பெரிய எண்கள் என்று ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து எச்.டி.எம்.ஐ. கேபிள் வாங்கி, அதைச் சாதாரண எச்.டி. பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் மாட்டியிருப்பார்கள். இருநூறு, முந்நூறு ரூபாய் கேபிளே அங்கே அதே படத்தைத்தான் கொடுக்கும்.

இந்த இரண்டு வீட்டுக் கணக்கும் தவறுவது ஒரே இடத்தில்தான். மஞ்சள் ஒயரில் ஒயரின் தரம் படத்தில் தெரியும், எச்.டி.எம்.ஐ.யில் தெரியாது. காசு செலவழித்திருக்க வேண்டிய காலத்தில் நாம் செலவழிக்கவில்லை. தேவையில்லாத காலத்தில் செலவழிக்கிறோம். ஏன் இப்படி என்று விளங்க, இரண்டு ஒயருக்குள்ளும் என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் மஞ்சள். இந்தியாவில் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியது 1982இல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி. நாம் எடுத்துக்கொண்டது பால் என்ற முறை: நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படத்துக்கும் 625 கோடு, அதில் கண்ணுக்குத் தெரிவது 576. கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருப்பவரும் அதே ஒளிபரப்பைப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக வகுத்த முறை அது. அதனால் வெளிச்சத்துக்கான சிக்னல் ஒன்று ஓட, அதன் மேலேயே 4.43 மெகாஹெர்ட்ஸ் அலை ஒன்றில் வண்ணத்தை ஏற்றி அனுப்பினார்கள். மஞ்சள் ஒயரில் ஓடுவது இந்தக் கலவைதான். வெளிச்சமும் வண்ணமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவி அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும்.

முழுதாகப் பிரிக்க முடியாது. செய்தி வாசிப்பவர் நெருக்கமான கோடு போட்ட சட்டையோ, பொடிக்கட்டம் போட்ட சேலையோ கட்டி வந்தால், அந்த இடத்தில் வானவில் நிறங்கள் நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். துணியின் நெருக்கமான கோடுகளை டிவி வண்ணச் சிக்னல் என்று நினைத்துக்கொள்வதால் வருவது அது. திரையின் அடியில் ஓடும் செய்திவரியில், சிவப்புப் பட்டையும் வெள்ளை எழுத்தும் சந்திக்கும் ஓரத்தில் பொடிப்பொடிப் புள்ளிகள் மேல்நோக்கி ஊர்வதும் அதே கலவையின் வேலை. எவ்வளவு உயர்ந்த மஞ்சள் ஒயர் வாங்கினாலும் இவை போகாது. 14 அங்குல, 21 அங்குலக் குழாய் டிவியில் இவை உறுத்தவில்லை. 43 அங்குலத்தில் உறுத்துகின்றன.

இவை கலவையின் குறைகள். இவற்றுக்கு மேல் ஒயரின் குறைகளும் சேரும். படச் சிக்னலுக்கான ஒயர் 75 ஓம் மின்மறுப்பு உள்ளதாக, நடுக்கம்பியைச் சுற்றி அடர்த்தியான செம்பு வலை போர்த்தியதாக இருக்க வேண்டும். டிவிடி பிளேயரோடு இலவசமாக வந்த மெல்லிய ஒயரை ஒருமுறை வெட்டிப் பாருங்கள். உள்ளே வலைக்குப் பதில் பத்துப் பதினைந்து இழைகள் சும்மா சுற்றிக் கிடக்கும். அந்த ஒயரை மெயின் பிளக் ஒயரோடு ஒட்டிப் போட்டால் திரையில் மங்கலான அகலப் பட்டை ஒன்று மெல்ல மேலேறும். வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். ஒயர் நீண்டால் எழுத்தின் வலப்பக்கத்தில் நிழல் எழுத்து விழும். இன்னும் நீண்டால் நிறம் வெளுக்கும். ஒயரின் ஒவ்வொரு குறையும் அதே அளவில் படத்தில் தெரியும். இந்த வகை ஒயருக்கு நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, நல்ல வலை போர்த்தியதை வாங்கியிருந்தால் அந்தக் காசு கண்ணெதிரே திரும்பி வந்திருக்கும்.

எஸ்-வீடியோ என்று வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் நான்கு முள் இணைப்பும் ஒரு காலத்தில் இருந்தது. பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று தலையில் படத்தை மட்டும் அனுப்பும் காம்பொனன்ட் இணைப்பும் இருந்தது. இரண்டும் மஞ்சளைவிட நல்லவை; இரண்டும் நம் வீடுகளில் பெரிதாகப் பழகவில்லை. காம்பொனன்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும் போதும்: சில டிவிகளில் பச்சைத் துளையே மஞ்சளுக்கும் பொது. மஞ்சள் ஒயரை அதில் செருகி, டிவியில் காம்பொனன்டைத் தேர்ந்தெடுத்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும். டிவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், ரிமோட்டில் ஏ.வி.க்கு மாற்றினால் வண்ணம் வந்துவிடும்.

இந்த ஒப்பீட்டில் புதுச்சேரிக்காரர்களான நமக்கு மூன்றாவது ஒயர் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களும், பிரெஞ்சு ராணுவத்தில் வேலைபார்த்து ஓய்வூதியம் பெறுகிறவர்களும் உள்ள ஊர் இது. பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வருகிற பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வீடியோ பிளேயர்களின் பின்னால், விரல் நீளத்துக்கு ஒரு பக்கம் சரிந்த அகலமான துளை இருக்கும். அதுதான் பெரிடெல். மற்ற நாடுகளில் ஸ்கார்ட் என்பார்கள்; பிரான்சின் ரேடியோ, டிவி உற்பத்தியாளர் சங்கத்தின் பெயர்ச்சுருக்கம் அது. 21 முனை. 1980இல் வந்த அரசாணையால் பிரான்சில் விற்கும் புதிய டிவிகளில் இந்தத் துளை கட்டாயமானது. 2015இல்தான் அந்த ஆணையை விலக்கிக்கொண்டார்கள்.

பெரிடெலின் அருமை அதன் உள்ளே இருக்கிறது. ஒரே தடித்த கேபிளில் படம், இரண்டு பக்கச் சத்தம், போக ஒரு வழி, வர ஒரு வழி எல்லாம் அடங்கும். மஞ்சள் ஒயரின் கலவைச் சிக்னலும் அதில் உண்டு; சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனிக் கம்பியில் கலக்காமல் அனுப்பும் வழியும் உண்டு. பிளேயரைப் போட்டதும் டிவி தானாக அதன் பக்கம் திரும்பும் ஏற்பாடும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே கேபிளில் என்று எச்.டி.எம்.ஐ. பின்னால் செய்ததை, டிஜிட்டல் இல்லாத காலத்திலேயே பிரெஞ்சுக்காரர்கள் செய்துவிட்டார்கள். 2002 டிசம்பரில் எச்.டி.எம்.ஐ.யின் முதல் வடிவத்தை வெளியிட்ட ஏழு நிறுவனங்களில் ஹிட்டாச்சி, பானசோனிக், ஃபிலிப்ஸ், சிலிக்கான் இமேஜ், சோனி, தோஷிபா ஆகியவற்றோடு பிரான்சின் தாம்சனும் இருந்தது.

அந்த அருமை இங்கே வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம். இந்திய டிவியில் பெரிடெல் துளை கிடையாது. ஆகவே பெரிடெல் தலையை மூன்று வண்ணத் துளையாக மாற்றும் சின்ன அடாப்டர் ஒன்றைப் போடுவார்கள். அதன் முதுகில் உள்ளே, வெளியே என்று மாற்றும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அது தவறான பக்கம் இருந்தால் படமே வராது. சரியான பக்கம் இருந்தாலும், அந்த அடாப்டர் எடுத்துக் கொடுப்பது கலவைச் சிக்னலை மட்டும். சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வந்த நல்ல படம் அடாப்டரோடு நின்றுபோகும். இதற்கும் மேலே ஒரு தடை. பிரான்சின் வண்ண முறை செகாம், நம்முடையது பால். பிரான்சில் பதிந்த செகாம் கேசட்டை பால் மட்டும் தெரிந்த டிவியில் ஓட்டினால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். பேரன் பிறந்தநாள் கேசட்டைப் பாரிஸிலிருந்து வரவழைத்து வண்ணமில்லாமல் பார்த்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒயரிலும் குறையில்லை, கேசட்டிலும் குறையில்லை. இரண்டு அரசாங்கங்கள் வெவ்வேறு முறையைத் தேர்ந்தெடுத்தன, அவ்வளவே.

எச்.டி.எம்.ஐ. இந்த எல்லையை அழித்துவிட்டது. பிரான்சில் வாங்கிய பெட்டியை நம் உழவர்கரை டிவியில் செருகினால் பாலா செகாமா என்ற கேள்வியே எழாது. இரண்டு ஊரிலும் மின்சாரமும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் தலைக்கு மட்டும் மாற்றுத் தலை வேண்டும். டிவிடி தட்டின் மண்டலப் பூட்டு வேறு விஷயம். பிரான்ஸ் 2ஆம் மண்டலம், இந்தியா 5ஆம் மண்டலம். அதை எந்தக் கேபிளாலும் திறக்க முடியாது.

எச்.டி.எம்.ஐ.யில் படம் அலையாகப் போவதில்லை, எண்ணாகப் போகிறது. 19 முனைகளில் பெரும்பகுதி, முறுக்கிய ஜோடிக் கம்பிகளில் பூஜ்யங்களையும் ஒன்றுகளையும் தள்ளுவதற்கானவை. கேபிள் செய்ய வேண்டியது ஒரே வேலை: பூஜ்யத்தைப் பூஜ்யமாகவும் ஒன்றை ஒன்றாகவும் மறுமுனையில் அடையாளம் தெரிகிற அளவுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அடையாளம் தெரிந்துவிட்டால் படம் முழுமை. அதற்கு மேல் கேபிள் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஒன்று இன்னும் நல்ல ஒன்றாக ஆகிவிடாது. நிறம் அடர்த்தியாகாது, கறுப்பு இன்னும் கறுப்பாகாது, கோடு கூர்மையாகாது. கடைக்காரர் இவற்றில் எதைச் சொல்லி விற்றாலும் அது உண்மையில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், மஞ்சள் ஒயர்க் காலத்தில் அதே பேச்சு உண்மையாக இருந்தது. அந்தப் பழைய உண்மையை வைத்துத்தான் புதிய கேபிளை விற்கிறார்கள்.

கேபிள் தோற்கும் விதத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு பெரிது. மஞ்சள் ஒயர் பழசானால் படம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். கண்ணும் அதற்குப் பழகிக்கொள்ளும். எச்.டி.எம்.ஐ. நேற்றுவரை குறையே இல்லாமல் ஓடி, இன்று நோ சிக்னல் காட்டும். நடுவில் மிகக் குறுகிய ஓர் எல்லையில் மட்டும் அடையாளங்கள் தெரியும்: திரையில் வெள்ளைப் பொடிகள் மின்னி மறையும், அல்லது இரண்டு நொடி திரை கறுத்துத் திரும்ப வரும். பொடி மின்னினால் கேபிள் தன் எல்லையைத் தொட்டுவிட்டது என்று பொருள். கேபிளைக் குட்டையாக்குங்கள், அல்லது மாற்றுங்கள்.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதை எண்ணால் சொல்லலாம். எச்.டி. செட்டாப் பாக்ஸ் அனுப்பும் 1080 கோட்டு ஒளிபரப்புப் படத்துக்குக் கேபிளில் நொடிக்குச் சுமார் 223 கோடி பிட் போக வேண்டும். நொடிக்கு 60 படம் ஓடும் 4கே-வுக்குச் சுமார் 1,782 கோடி பிட். அதாவது எட்டு மடங்கு. எச்.டி.எம்.ஐ. கேபிள்களில் மிகப் பழைய, மிகத் தாழ்ந்த ஸ்டாண்டர்டு வகையே முதல் கணக்குக்குப் போதுமானதாகச் சோதித்து விற்கப்பட்டது. அடுத்து ஹை ஸ்பீடு, 1,020 கோடி பிட் வரை. பிரீமியம் ஹை ஸ்பீடு 1,800 கோடி. அல்ட்ரா ஹை ஸ்பீடு 4,800 கோடி. 2025 ஜனவரியில் இதற்கும் மேலே 9,600 கோடி பிட்டுக்கான புதிய வகையை அறிவித்திருக்கிறார்கள். அந்த வேகம் கேட்கும் பெட்டி நம் வீட்டு வரவேற்பறைக்கு வர நாளாகும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது வகைப் பெயர். ‘டூ பாயிண்ட் ஒன் கேபிள் குடுங்கண்ணே’ என்று கேட்பதும், ‘இது டூ பாயிண்ட் ஒன்தான் சார்’ என்று எடுத்துக் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. 1.4, 2.0, 2.1 என்பவையெல்லாம் பெட்டிக்கும் டிவிக்கும் உரிய எண்கள். கேபிளின் மேல் அந்த எண்ணைப் போட்டு விற்கக் கூடாது என்பது எச்.டி.எம்.ஐ. உரிமம் கொடுப்பவர்களின் விதி. பிரீமியம், அல்ட்ரா இரண்டு வகைக்கும் கைபேசியில் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய சான்று ஒட்டி உண்டு. 4கே விளையாட்டுப் பெட்டியோ 4கே பிளேயரோ வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து வாங்கட்டும். எச்.டி. செட்டாப் பாக்ஸுக்கு ஒன்றரை மீட்டர் சாதாரண ஹை ஸ்பீடு போதும். டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் மட்டும் படம் பார்க்கிறவருக்குப் படக் கேபிளே வேண்டாம். சவுண்ட்பார் வைத்திருந்தால் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையில் ஒரு கேபிள் போதும்.

தங்கமுலாம் பற்றி நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் தங்கத்தில் களிம்பு ஏறாது. காலாப்பட்டுப் பக்கம் கடலை ஒட்டியுள்ள வீடுகளில் உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விட்டுவைப்பதில்லை. மஞ்சள் ஒயரின் நிக்கல் தலை பச்சை பூத்து, துளையோடு ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அங்கே தங்கமுலாம் பூசிய தலைக்கு வேலை உண்டு. நல்ல வேளையாக இன்று மலிவான எச்.டி.எம்.ஐ. கேபிளிலும் அது வந்துவிடுகிறது. அதற்கென்று கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்து இரண்டு ஒயருக்கும் பொது, ஆனால் எச்.டி.எம்.ஐ.க்குக் கூடுதல். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது எல்லோரும் பிளக்கைப் பிடுங்குகிறோம். மாடி மேலே தெருவெல்லாம் சுற்றி வரும் கேபிள் டிவி ஒயரையும், டிஷ் ஒயரையும் பெட்டியிலேயே விட்டுவிடுகிறோம். மின்னலின் அதிர்வு அந்த ஒயர் வழியாகப் பெட்டிக்கும், பெட்டியிலிருந்து எச்.டி.எம்.ஐ. வழியாக டிவிக்கும் ஏறும். எச்.டி.எம்.ஐ. துளைக்குப் பின்னால் இருக்கும் சில்லு மென்மையானது. அது போனால் பல டிவிகளில் போர்டையே மாற்ற வேண்டிவரும். இடி நாட்களில் கேபிள் டிவி ஒயரின் திருகுத் தலையையும் கழற்றுங்கள். சாதாரண நாட்களிலும் செட்டாப் பாக்ஸின் இரும்பு உடலைத் தொட்டால் விரல் சுருக்கென்கிறது என்றால், இரண்டு கருவியையும் அணைத்துவிட்டு எச்.டி.எம்.ஐ.யைச் செருகுவதுதான் நல்லது. மஞ்சள் ஒயரின் தலையில் நடுமுள் முதலில் தொட்டு, வெளிவளையம் பிறகுதான் தொடும். சத்தத்தோடு செருகினால் ஸ்பீக்கர் ‘டர்ர்’ என்று அலறுவது அதனால். எச்.டி.எம்.ஐ.யில் வெளிக்கூடு முதலில் தொடும்படி அமைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அணைத்துச் செருகுவதில் நட்டமில்லை.

மஞ்சள் ஒயரின் பக்கம் நான் முழுமனதோடு நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது: பழுது பார்ப்பது. தலை பிய்ந்தால் சால்டரிங் இரும்பு வைத்திருக்கும் எந்த ரேடியோ மெக்கானிக்கும் பத்து நிமிடத்தில் புதுத் தலை வைத்துக் கொடுப்பார். நடுக்கம்பி முள்ளுக்கு, வலை வளையத்துக்கு. இரண்டே பற்று. நீளம் போதாவிட்டால் இன்னொரு துண்டை ஒட்டலாம். மூன்று தலையும் ஒரே மாதிரி என்பதால், மஞ்சள் கம்பி அறுந்தால் வெள்ளைக் கம்பியில் படத்தை ஓட்டிப் பார்த்துவிடலாம். எச்.டி.எம்.ஐ. தலைக்குள் 19 கம்பிகள், ஒவ்வொன்றும் மிக மெல்லியது. அவற்றின் முறுக்கும் இடைவெளியும் குலைந்தால் வேகம் போய்விடும். கையால் ஒட்டிப் பிழைக்க வைப்பது ஏறத்தாழ நடக்காத காரியம். கெட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஊரின் சின்னச் சின்னப் பழுதுக்கடைகள் செய்துவந்த ஒரு வேலை இதோடு போய்விட்டது.

பழைய கேசட்டுகளுக்கும் மஞ்சள் ஒயரே பொருத்தம். 1980களிலும் 90களிலும் எடுத்த கல்யாண வீடியோக்கள் எத்தனையோ வீட்டு அலமாரியில் கிடக்கின்றன. வி.எச்.எஸ். நாடாவில் வெளிச்சத்துக்கான அலைவரம்பே சுமார் 3 மெகாஹெர்ட்ஸ்தான். வண்ணம் அதைவிட மிகக் குறைவு. மஞ்சள் ஒயரால் கொண்டுபோக முடிவதைவிடக் குறைவான விவரமே நாடாவில் இருக்கிறது. ஆகவே நன்கு வலை போர்த்திய ஏ.வி. ஒயர் இருந்தால் நாடாவில் உள்ளது முழுக்க வந்துவிடும். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் சின்னப் பெட்டிகளின் மேல் 1080 என்று எழுதியிருக்கும். அது இருக்கும் படத்தை இழுத்துப் பெரிதாக்கும். இல்லாத விவரத்தைச் சேர்க்காது. அவசரப்பட வேண்டிய வேலை வேறு: வி.எச்.எஸ். பிளேயர் செய்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற பிளேயர் கிடைக்கும்போதே கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிவிடுங்கள். புது டிவியில் மூன்று வண்ணத் துளைக்குப் பதில் ஹெட்போன் துளைபோல ஒன்று மட்டும் இருந்தால், அந்த டிவியோடு வந்த இணைப்பு ஒயரையே போடுங்கள். வெளியில் வாங்கும் ஒயர்கள் சிலவற்றில் தரைமுனையின் இடம் மாறியிருக்கும். படம் போக வேண்டிய கம்பியில் சத்தம் போய், திரை உருளும், ஸ்பீக்கர் இரையும்.

இனி நீளம். எச்.டி.எம்.ஐ.யில் காசைக் கவனமாகச் செலவிட வேண்டிய இடம் இது ஒன்றுதான். செம்புக் கம்பியில் வேகம் கூடக் கூட சிக்னல் வேகமாகத் தேயும். எச்.டி. படம் பத்து மீட்டர்கூடத் தாண்டிப் போகும். 4கே-வுக்கு மூன்று மீட்டர்வரை சிரமமில்லை; ஐந்து மீட்டருக்குச் சான்று ஒட்டி உள்ள கேபிள் வேண்டும்; அதற்கு மேல் சாதாரணச் செம்பை நம்பக் கூடாது. கண்ணாடி இழையில் ஒளியாக அனுப்பும் எச்.டி.எம்.ஐ. கேபிள்கள் இருக்கின்றன. பத்து, இருபது மீட்டரை அவை எளிதாகத் தாண்டும். அவற்றுக்குத் திசை உண்டு: ஒரு தலையில் பெட்டிப்பக்கம் என்றும் மறுதலையில் டிவிப்பக்கம் என்றும் எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் ஓடாது. கூர்மையாக மடக்கினால் இழை உடையும்.

உழவர்கரையில் இப்போது எங்கு பார்த்தாலும் வீடு கட்டுகிறார்கள். டிவியைச் சுவரில் மாட்டி, பெட்டிகளை ஓரத்து அலமாரியில் மறைத்து வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. எலக்ட்ரீஷியன் காடி வெட்டி, லைட்டுக்குப் போடும் அதே 20 மி.மீ. பைப்பை டிவிக்கும் போட்டுவிடுகிறார். ஏ.வி. ஒயர்க் காலத்தில் அது போதுமானதாக இருந்தது. தலையை வெட்டிவிட்டுக் கம்பியை மட்டும் இழுத்து, மறுபக்கம் புதுத் தலை வைத்துக்கொண்டார்கள். எச்.டி.எம்.ஐ. தலையின் இரும்பு நாக்கு மட்டுமே 14 மி.மீ. அகலம், பிளாஸ்டிக் உடலோடு சேர்த்து 20 மி.மீ. வரும். அந்தப் பைப்பில் நுழையவே நுழையாது. வெட்டவும் முடியாது. பூச்சு முடிந்து பெயின்ட் அடித்த சுவரை மறுபடி உடைக்கிறார்கள்.

அதனால் பைப்பை முதலிலேயே 40 மி.மீ. போடச் சொல்லுங்கள். எல்போ வேண்டாம்; நீண்ட வளைவுள்ள பெண்ட் போடட்டும். மெயின் கரண்ட் ஒயர் அதே பைப்பில் கூடாது. கேபிளை உள்ளே வைத்துப் பூசிவிடாமல், இழுத்து மாற்ற வசதியாக ஒரு நைலான் கயிற்றை உள்ளே நிரந்தரமாக விட்டுவையுங்கள். ஏழெட்டு வருடத்தில் கேபிள் வகை மாறும், சுவர் மாறாது. கூடவே ஒரு கேட்-6 நெட்வொர்க் ஒயரையும் இழுத்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் சிக்னலை மாற்றும் பெட்டி வைத்தால் அதில் எச்.டி.எம்.ஐ. படத்தையும் அனுப்பலாம், அதன் தலையை உங்கள் எலக்ட்ரீஷியனே இடத்தில் வைத்து அழுத்திக் கொடுப்பார். ஏற்கெனவே குறுகிய பைப் போட்டுவிட்டவர்கள் சுவரை உடைக்குமுன், தலை கழற்றக்கூடிய கண்ணாடி இழைக் கேபிள் கேட்டுப் பாருங்கள். அதன் சின்னத் தலை நுழைந்துவிடும். வெளியே வந்தபின் பெரிய தலையை மாட்டிக்கொள்ளலாம். எந்தக் கேபிளாக இருந்தாலும் சுவருக்குள் விடும் முன் தரையில் விரித்து, நீங்கள் பார்க்கப்போகும் அதே பெட்டியையும் டிவியையும் இரு பக்கமும் மாட்டி, ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒன்று மின்னினாலும் அதைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்குங்கள்.